கலைவாணரின் எழுத்துப் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் (என்.எஸ்.கே.) என்றாலே அள்ளிக் கொடுத்த கதைகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கதைகள் போதுமான அளவு அச்சாகிவிட்டன. இந்த இதழில் அவர் செய்த வேலையைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். நடிகர் என்ற பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்தாளர் இருந்தார். அவரைப் பற்றிப் பேசுவது குறைவு.

கேள்வி: கலைவாணர் பிறந்த ஊர் கேரளத்தில் இருந்தது என்கிறார் நண்பர். தமிழ்நாடு என்கிறேன் நான். யார் சொல்வது சரி? அவருடைய முதல் படம் எது?

பிறந்தது 1908 நவம்பர் 29, நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாய் இசக்கியம்மாள். அப்போது அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கேரள மாநிலம் அன்று உருவாகவே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கலைவாணர் மறைந்தது 1957 ஆகஸ்ட் 30. சொந்த ஊர் தமிழர் மாநிலத்தில் சேர்ந்த பிறகு அவர் வாழ்ந்தது பத்தே மாதம்.

வறுமையால் பள்ளிப்படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர், பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் சேர்ந்தார். வெளிவந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் 1935-இல் வந்த 'மேனகா' முந்தியது, 1936-இல் வந்த 'சதி லீலாவதி' அடுத்தது. எஸ்.எஸ்.வாசன் கதையில் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய அந்த இரண்டாவது படத்தில்தான் எம்.ஜி.ஆரும் டி.எஸ்.பாலையாவும் திரைக்கு வந்தார்கள். அதனால் அந்தப் பெயர்தான் பலர் நினைவில் நிற்கிறது.

கேள்வி: பழைய படங்களில் நகைச்சுவைக் காட்சிகள் கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடுகின்றன. ஏன்? அவற்றை உண்மையிலேயே தனியாக எடுத்தார்களா?

ஆமாம், பல படங்களில் தனியாகத்தான். அதை ஒரு தொழில்முறையாகவே ஆக்கியவர் என்.எஸ்.கே. தயாரிப்பாளர் மூலக்கதையைச் சொல்வார். நகைச்சுவைப் பகுதிக்கான கதை, உரையாடல், பாட்டு, ஆட்கள் எல்லாம் என்.எஸ்.கே. பொறுப்பு. அவருடைய மனைவியும் நடிகையுமான டி.ஏ.மதுரம், புளிமூட்டை ராமசாமி, ஆழ்வார் குப்புசாமி, கொட்டாப்புளி ஜெயராமன் என்று அவரோடு தொடர்ந்து வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் பேச்சை எங்கே விடுவார், இன்னொருவர் எங்கே பிடிப்பார் என்பது இவர்களுக்குள் பழகிப் போயிருந்தது. புதிய இயக்குநரிடம் போனாலும் ஒத்திகைக்கு நேரம் வீணாகாது.

இதில் கணக்கு முக்கியம். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 1,000 அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடம். 18,000 அடிப் படம் என்றால் 3 மணி 20 நிமிடம். அவ்வளவு நீளத்தில், புராணக் கதைக்கு நடுவே 2,000 அடி நகைச்சுவை வைத்தால் 22 நிமிடம். அதை மூன்று நான்கு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவும் கொடுக்க வேண்டும். ஏனென்றால் முந்தைய துண்டு வந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரசிகருக்கு அது மறந்திருக்கும். என்.எஸ்.கே. பகுதிகளில் ஒவ்வொரு துண்டும் முதல் இரண்டு வசனத்திலேயே "இவர் யார், இப்போது என்ன சிக்கல்" என்று சொல்லிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்துக்கு 11,000 அடி என்று அரசு வரம்பு போட்டது. மொத்தமே இரண்டு மணி நேரம். 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' அந்தக் காலத்துப் படம். இங்கேதான் கலைவாணரின் திறமை தெரிகிறது. இடம் சுருங்கியபோது மூலக்கதையோடு உரசும் காட்சிகளை அவர் கூட்டினார். தனித்து நிற்கும் துண்டு எளிதில் வெட்டுப்படும், கதையைத் தொடும் துண்டு வெட்டுப்படாது.

இந்த முறையில் என்ன கெட்டுப்போகும்? முதலில் நடை. மூலக்கதை அழுகையில் இருக்கும்போது சிரிப்புத் துண்டு நடுவில் விழுந்தால் இரண்டுமே பாழ். அடுத்தது பாத்திரம். கதாநாயகனின் வேலைக்காரன் என்று சொல்லிவிட்டுக் கதாநாயகனோடு ஒரு காட்சிகூட இல்லாமல் போனால் அவன் அந்தப் படத்தில் குடியிருப்பவனாகவே தோன்ற மாட்டான். மூன்றாவது, திரையரங்கு. தனித் துண்டு என்பதால் ஆபரேட்டருக்கு அதை எடுத்துவிடுவது சுலபம். பல பழைய பிரதிகளில் இன்று நகைச்சுவை குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கலைவாணரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுப்பட்ட பிரதியைப் பார்த்தவர்கள்.

கேள்வி: நான் குறும்படங்களுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். என்.எஸ்.கே.யின் வசனத்தில் படிக்க என்ன இருக்கிறது? அவர் காலத்து வேகம் இன்று எடுபடுமா?

வேகத்தை விடுங்கள், கட்டமைப்பைப் பாருங்கள். அது வில்லுப்பாட்டிலிருந்து வந்தது.

வில்லுப்பாட்டு மேடை எப்படி இருக்கும் தெரியுமா? ஆள் உயரத்தைத் தாண்டிய வில், அதில் வரிசையாக மணிகள். வில்லின் முதுகை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள், நாண் மேலே நிற்கும். புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்துப் பாடுவார். ஒருவர் குடத்தின் வாயைப் பத்தி என்ற மட்டையால் தட்டுவார். உடுக்கையும் தாளமும் கட்டையும் பக்கத்தில் இருக்கும். இதில் எழுத்தாளர் கவனிக்க வேண்டிய ஆள் புலவர் அல்ல, அவருக்கு ஆமாம் போடுகிறவர். புலவர் ஒரு வரி சொல்கிறார். பக்கத்துக்காரர் "ஆமா" என்கிறார், அல்லது கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார், அல்லது "அது எப்படி?" என்று மறிக்கிறார். கூட்டத்தில் இருக்கும் ஆயிரம் பேருக்காகக் கேள்வி கேட்கும் வேலை அவருடையது.

இதை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார் கலைவாணர். அவர் சொல்வார், மதுரம் மறிப்பார். மதுரத்தின் பாத்திரம் பெரும்பாலும் ஏமாளியல்ல. நம் சந்தேகத்தை நமக்கு முன்னால் கேட்டுவிடும் புத்திசாலி. வாதத்தில் பல தடவை அவர்தான் ஜெயிப்பார். 1936-இல் 'வசந்தசேனா'வில் தொடங்கிய அந்த ஜோடி இருபது ஆண்டுக்கு மேல் சலிக்காமல் ஓடியதற்கு எழுத்தில் இருந்த இந்தச் சமநிலைதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. மதுரத்தை வெறும் துணை என்று எழுதுகிறவர்கள் பாதி இசையை மட்டும் கேட்கிறார்கள்.

பயிற்சியாக இதைச் செய்யுங்கள். நான்கு நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, ஒலியை மட்டும் கேட்டு, வசனத்தைத் தாளில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். இடப்பக்கம் கலைவாணர், வலப்பக்கம் மதுரம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: கூற்றா, மறிப்பா, விடையா? கூற்று, மறிப்பு, கூற்றை இன்னும் ஒரு படி முட்டாள்தனமாக உயர்த்துவது, மறுபடி மறிப்பு, பிறகு எதிர்பாராத விடை என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். விடை வரும்போது பேசுகிறவர் மாறியிருப்பார். இனி உங்கள் காட்சியையும் அதே மாதிரி பிரித்துப் பாருங்கள். ஒரே ஆள் தொடர்ந்து நான்கு வரி சிரிக்க வைக்க முயன்றிருந்தால் அங்கேதான் ஓட்டை. இன்னொரு தவறு, மறிப்பவருக்கு "என்னது?", "அப்படியா?" மட்டும் கொடுப்பது. மறிப்பில் அவருடைய குணம் தெரிய வேண்டும்.

அடுத்து, எதிர்பார்ப்பை எப்படி நிறுத்தி வைப்பது என்று கற்க 1952-இல் அவர் இயக்கிய 'பணம்' படத்தின் 'தினா முனா கானா' பாட்டைப் பாருங்கள். தி.மு.க. தொடங்கி மூன்றே ஆண்டு ஆகியிருந்த நேரம். அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும் கொட்டகை கைதட்டத் தயாராகிவிடும். பாட்டு அவர்களைக் காக்க வைத்துவிட்டு, திருக்குறள் பக்கம் கொண்டுபோய் விடும். கட்சிக்காரருக்கும் மகிழ்ச்சி, தணிக்கைக்காரருக்கும் வேலை இல்லை. முதல் வரியில் ஆசையைத் தூண்டி, கடைசி வரை அதை நிறைவேற்றாமல் இழுத்து, நிறைவேற்றும்போது இன்னொன்றைக் கொடுப்பது. இன்றைக்கும் இதுதான் சூத்திரம்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில் 'கிந்தனார்' காலட்சேபம் போல ஒன்று நடத்த ஆசை. அரை மணி நேரம் கிடைக்கும். எத்தனை பேர் வேண்டும், எப்படி ஏற்பாடு செய்வது?

நல்ல ஆசை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர வடிவத்தை எடுத்து, சிதம்பரம் போகத் துடித்த நந்தனுக்குப் பதிலாகப் படிக்கத் துடிக்கும் கிந்தனை வைத்தது கலைவாணரின் படைப்பு. ஒடுக்கப்பட்ட சிறுவன் ஊர்ப் பள்ளியிலிருந்து விரட்டப்படுகிறான், நகரம் போய்ப் படிக்கிறான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் இது இடம்பெற்றது.

ஆறு பேர் போதும். கதை சொல்லிப் பாடும் பாகவதர் ஒருவர், பின்பாட்டு இருவர், ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. பாகவதர் மட்டும் நிற்க வேண்டும், மற்றவர்கள் உட்கார வேண்டும். பாகவதர் கையில் சப்ளாக்கட்டை (தாளம் போடும் மரக்கட்டை) இருப்பதால் அவருக்குச் சட்டையில் மாட்டும் மைக் வேண்டும். பின்பாட்டு இருவருக்கும் நடுவில் ஒரே மைக் போதும். மிருதங்கத்துக்குத் தனி மைக் வைக்காதீர்கள், சிறு அரங்கில் அது பேச்சை மூடிவிடும்.

அரை மணியில் 25 நிமிடத்துக்கு மட்டும் எழுதுங்கள். மீதி ஐந்து நிமிடம் சிரிப்புக்குப் போய்விடும். முதல் மூன்று நிமிடத்தில் நந்தனார் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. 1940-களில் கொட்டகைக்கு வந்தவருக்கு நந்தனார் மனப்பாடம். மூலம் தெரிந்ததால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிரித்தார். இன்றைய மாணவருக்கு மூலம் தெரியாது. மூலத்தைச் சொல்லாமல் பகடியை மட்டும் போட்டால் அது வெறும் கதையாகிவிடும். மூலத்திலிருந்து ஒரு வரியைப் பாகவதர் பக்தியோடு, முழு ராகத்தோடு பாடட்டும். உடனே அதே மெட்டில் கிந்தனின் வரி வரட்டும். அவையில் முதல் சிரிப்பு அங்கே வரும்.

அதன் பிறகு ஊர்ப் பள்ளிக்கு ஐந்து நிமிடம், நகரத்துக்குப் போகும் பயணத்துக்கு ஐந்து, படிப்புக்கு நான்கு, அதிகாரியாகத் திரும்புவதற்கு எட்டு. கடைசிப் பகுதிக்கு நிறைய இடம் விடுங்கள். விரட்டிய வாத்தியாரும் வந்த அதிகாரியும் சந்திக்கும் காட்சியை அவசரமாக முடித்தால் கதையின் நியாயமே கிடைக்காது. மொத்தம் நான்கு பாட்டு, ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஒத்திகையில் பின்பாட்டுக்காரர்களைத்தான் அதிகம் பழக்க வேண்டும். அவை சிரிக்கும்போது அடுத்த வசனம் போனால் யாருக்கும் கேட்காது. அந்த நேரத்தில் பாகவதர் நிறுத்திக்கொள்ள, பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை மெல்லத் திருப்பிப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்பு அடங்கியதும் பாகவதர் சப்ளாக்கட்டையை ஒரு தட்டு தட்டினால் அடுத்த வரிக்குப் போகலாம். வாத்தியார் பாத்திரத்தின் சாதித் திமிரைக் காட்டலாம், ஆனால் கிந்தனின் பேச்சைக் கேலிக்குரியதாக ஆக்கிவிடக் கூடாது. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதில் கலைவாணர் கண்டிப்பாக இருந்தார். பயிற்சியாளரும் அப்படியே இருக்க வேண்டும்.

கேள்வி: லட்சுமிகாந்தன் வழக்கில் அவர் விடுதலையானது மேல்முறையீட்டிலா, மன்னிப்பிலா?

மேல்முறையீட்டில். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. 'இந்து நேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கே.யும் கைதானார்கள். அவர்களோடு கைதான ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். ஜூரி முறையில் நடந்த விசாரணையில் 1945 மே மாதம் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை உயர்நீதிமன்றம் முதலில் அதை உறுதி செய்தது. அன்று இந்தியாவுக்கு இறுதி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது.

அந்த இடைவெளியில் நாடகக் குழுவைக் கலையாமல் காத்தவர்கள் டி.ஏ.மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும். அவர்கள் நடத்திய 'பைத்தியக்காரன்' நாடகம் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமாகிக்கொண்டிருந்தபோது கலைவாணர் வெளியே வந்தார். அவருக்காகப் படத்தில் ஒரு பாத்திரம் சேர்க்கப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கதையில் புதிய துண்டை ஒட்டுவது அவருக்குத் தெரிந்த வேலைதானே.

கேள்வி: அவர் எத்தனை படம் இயக்கினார்?

பெயர் சொல்ல வேண்டியவை இரண்டு. 1951-இல் 'மணமகள்', 1952-இல் 'பணம்'. இரண்டுக்கும் உரையாடல் மு.கருணாநிதி. 'மணமகள்' பத்மினியைத் தமிழில் கதாநாயகியாக நிலைநிறுத்திய படம். மலையாள நாடகம் ஒன்றின் தழுவல். 'பணம்' சிவாஜி கணேசனின் தொடக்கக் காலப் படம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் இசையமைப்பாளர்களாகச் சேர்ந்து வந்ததும் அதில்தான். 'நல்லதம்பி'க்கு அண்ணாவை எழுத வைத்தவரும் என்.எஸ்.கே. தானே எழுதத் தெரிந்தவர் இன்னொரு எழுத்தாளரிடம் முழுப் படத்தை ஒப்படைப்பது எளிதான காரியம் அல்ல. இயக்குநராக அவருடைய பெரிய பலம் இதுதான்.

கேள்வி: 'இந்தியாவின் சார்லி சாப்ளின்' என்ற பட்டம் பொருத்தமா?

இல்லை. சாப்ளின் உடலால் பேசினார், ஒலி வந்தபோது தயங்கினார். கலைவாணர் ஒலி வந்த பிறகு வந்தவர். அவருடைய ஆயுதம் குரலும் பாட்டும் வாதமும். 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் சிரிப்பைப் பற்றிய பாட்டைக் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒவ்வொரு சிரிப்புக்கும் உரிய ஆள் தெரிவார்.

கேள்வி: அவரைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இணையத்தில் ஆண்டுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. எங்கே சரிபார்ப்பது?

முதலில் பாட்டுப் புத்தகங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கொட்டகை வாசலில் விற்றார்கள். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல் வரிகள், பாடலாசிரியர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களும் இத்தகைய வெளியீடுகளும் உள்ளன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று தேதிகளைத் தனித்தனியாகக் குறியுங்கள்: படப்பிடிப்புத் தொடங்கியது, தணிக்கைச் சான்று பெற்றது, வெளியானது. குழப்பத்தில் பாதி இவற்றைக் கலப்பதால் வருவது. நாளிதழ் விளம்பரத்தில் உள்ள வெளியீட்டுத் தேதிதான் உறுதியானது. பாட்டுப் புத்தகத்தில் இருந்து படத்தில் இல்லாத பாட்டு என்றால், அது வெட்டுப்பட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள். படத்துக்காக அச்சடித்த பின் மாற்றியும் இருக்கலாம். பிரதியின் நீளத்தைத் தணிக்கைச் சான்றில் உள்ள அடிக் கணக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். நிமிடத்தை 90-ஆல் பெருக்கினால் அடி.

இணையக் காணொளித் தலைப்பை மட்டும் நம்பிப் பாட்டுக்குப் படப்பெயர் போடாதீர்கள். கலைவாணர் பாட்டுகள் ஒரு படத்திலிருந்து இன்னொன்றுக்கு அங்கே தாராளமாக இடம் மாறியிருக்கின்றன. பாடலாசிரியர் உடுமலை நாராயணகவி அவருக்கு நிறைய எழுதியிருப்பதால் எல்லாப் பாட்டையும் நாராயணகவி கணக்கில் சேர்க்கும் பழக்கமும் உண்டு. ஒவ்வொன்றாகப் பாருங்கள். வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம், கலைவாணர் சென்னைக்கு அழைத்து வந்து வளர்த்தவர், நகைச்சுவைப் பகுதிகள் எழுதுவதிலும் அவருக்குத் துணையாக இருந்தார். அவர் 2022 வரை வாழ்ந்தவர். அவருடைய பேட்டிகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. கலைவாணர் எழுதிய முறையை அருகிலிருந்து பார்த்த ஒருவரின் சாட்சி என்பதால் ஆய்வேட்டில் அவற்றுக்குத் தனி அத்தியாயம் கொடுக்கலாம்.

கேள்வி: 'கலைவாணர்' பட்டம் யார் கொடுத்தது? தி.நகர் சிலை யார் திறந்தது?

பட்டம் பம்மல் சம்பந்த முதலியார் 1947-இல் வழங்கியது. சிலையை 1969 ஜனவரி 14 பொங்கல் நாளில் முதலமைச்சர் அண்ணா திறந்து வைத்தார். நோயோடு வந்து அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார்.